காருக்குள் மழைத்தண்ணீர் வருதா? எந்த வழியாக வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி அடைப்பது?

ராத்திரி முழுக்க மழை. காலையில் கதவைத் திறந்து காலை வைத்தால் மேட் சொதசொதவென்று இருக்கிறது. கார் நின்ற தெருவில் தண்ணீர் தேங்கவே இல்லை. கண்ணாடி எல்லாம் ஏற்றித்தான் இருந்தது. அப்புறம் எப்படி உள்ளே வந்தது?

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மெக்கானிக்குகளிடம் அதிகம் வரும் கேள்விகளில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான 3 மாதங்களில் கொட்டிவிடுகிறது. மீதி 9 மாதமும் வெயிலில் நின்று கதவு ரப்பர் இறுகிப் போயிருக்கும். தண்ணீர் வடியும் துளைகளில் இலையும் தூசியும் சேர்ந்திருக்கும். முதல் பெரிய மழையில் எல்லாம் ஒரே நாளில் வெளியே தெரிந்துவிடும்.

மேட்டை எடுத்து மாடியில் காயப்போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். பிரச்சனை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேட்டுக்குக் கீழே கார்பெட், அதற்குக் கீழே தடிமனான ஃபோம். இந்த ஃபோம் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே கார்பெட் காய்ந்துவிட்டது போலத் தெரியும். அடியில் வாரக்கணக்கில் ஈரம் இருக்கும். பல கார்களில் தரையோரமாகவும் சீட்டுக்கு அடியிலும்தான் வயர்கள் ஓடுகின்றன. ஈரம் பட்ட கனெக்டரில் பச்சை பூத்துவிடும். சென்ட்ரல் லாக் தானாகத் திறந்து மூடுவது, பவர் விண்டோ வேலை செய்யாமல் போவது, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிவது... இதெல்லாம் மழை முடிந்து 2 மாதம் கழித்து வரும். அப்போது யாருக்கும் மழை ஞாபகம் வராது.

முதலில், அது மழைத்தண்ணீர்தானா?

இதை முடிவு செய்யாமல் எதையும் கழற்றாதீர்கள். காருக்குள் வரும் எல்லா ஈரமும் மழை இல்லை.

வெயில் நாளிலும் முன் இடது பக்கம், அதாவது டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடம் நனைகிறதா? ஏசி போட்டு ஓட்டிய பிறகு மட்டும் நனைகிறதா? அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது ஏசி டிரெயின் பைப்பை. ஏசி ஓடும்போது காற்றில் இருக்கும் ஈரம் தண்ணீராக மாறி, ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக காருக்கு அடியில் சொட்ட வேண்டும். ஏசி போட்ட கார் நிற்கும் இடத்தில் தண்ணீர் சொட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். அந்தக் குழாய் அடைத்தால் தண்ணீர் டேஷ்போர்டுக்குள்ளிருந்து கார்பெட்டில் இறங்கும். அடைப்பை எடுப்பது சின்ன வேலை.

தண்ணீர் லேசாகப் பிசுபிசுப்பாக, பச்சை அல்லது சிவப்பு நிறத்தில், இனிப்பான வாடையுடன் இருந்தால் அது கூலண்ட். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் பகுதியில் கசிவு என்று அர்த்தம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கூலண்ட் குறைந்தால் இன்ஜின் சூடேறிவிடும். குழந்தைகளையும் நாய், பூனைகளையும் அதன் பக்கம் விடாதீர்கள், கூலண்ட் விஷம்.

பின் கண்ணாடிக்கு வைப்பர் இருக்கும் கார்களில் இன்னொரு விஷயம். அதற்கான தண்ணீர்க் குழாய் முன்னாலிருந்து பின்பக்கம் வரை உள்ளேயே ஓடுகிறது. நடுவில் எங்காவது இணைப்பு கழன்றால், வாஷர் அடிக்கும்போதெல்லாம் தண்ணீர் உள்ளே கொட்டும். சோப்பு வாசனை வந்தால் இதுதான்.

மழை பெய்த பிறகு மட்டும், அல்லது வாட்டர் வாஷ் விட்ட பிறகு மட்டும் நனைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். அது வெளியிலிருந்து வரும் கசிவு.

வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளம்

முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே, வைப்பர் பொருத்தியிருக்கும் இடத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதில் ஜல்லடை மாதிரி துளைகள். கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் முழுக்க அந்தத் துளைகளில் இறங்கி, கீழே இருக்கும் ஒரு தொட்டி மாதிரியான பகுதிக்குப் போய், இரண்டு ஓரங்களிலும் உள்ள வடிகால் வழியாக வெளியேற வேண்டும்.

நம் ஊரில் கார்களை எங்கே நிறுத்துகிறோம்? நிழல் தேடி மரத்தடியில். வேப்பமரமோ தூங்குமூஞ்சி மரமோ முருங்கையோ, எல்லாமே சின்னச் சின்ன இலைகளாக உதிர்பவை. பெரிய இலை மூடியின் மேலேயே நின்றுவிடும், கையால் எடுத்துப் போட்டுவிடலாம். இந்தச் சிற்றிலைகள் ஜல்லடையைத் தாண்டி உள்ளே போய், தூசியோடு சேர்ந்து மக்கி, வடிகாலில் சேறாகப் படிந்துவிடும். வேப்பம்பூ உதிரும் மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

வடிகால் அடைத்தால் தொட்டியில் தண்ணீர் ஏறும். ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் வாயும் அங்கேதான் திறக்கிறது. தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறினால் நேராக புளோயருக்குள் இறங்கி, குளோவ் பாக்ஸுக்குக் கீழே கொட்டும். ஆக, முன் இடது பக்கம் நனைந்தால் முதலில் குளோவ் பாக்ஸைக் கழற்றி ஏசி ஃபில்டரை உருவிப் பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தாலோ, காய்ந்த தண்ணீர்க் கறை இருந்தாலோ தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் இதற்கு ஸ்குரூ டிரைவர்கூட தேவைப்படாது.

வலது பக்கமும் இதே தொட்டியிலிருந்து கசியலாம். இன்ஜின் பகுதியிலிருந்து உள்ளே வரும் வயர் கட்டு ஒரு ரப்பர் வளையத்தின் வழியாக நுழைகிறது. ஃபாக் லேம்ப், கூடுதல் ஹாரன், ஆம்ப்ளிஃபையர் என்று வெளியில் பொருத்தியவர்கள், அந்த ரப்பரைக் குத்தி வயரை நுழைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது உண்டு. தண்ணீர் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். பல கார்களில் ஃபியூஸ் பாக்ஸ் டிரைவர் பக்கம்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்துக் கசிவை சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சன்ரூஃப் முழுசா தண்ணீர் புகாத பொருளா?

இல்லை. சன்ரூஃப் உள்ள காரை வாங்கியவர்களில் பலருக்கு இது தெரியாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பெரும்பகுதித் தண்ணீரைத் தடுக்கும், கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அதைப் பிடிக்கவே கண்ணாடிக்குக் கீழே ஒரு வாய்க்கால் வைத்திருக்கிறார்கள். வழக்கமாக 4 மூலைகளிலும் 4 மெல்லிய குழாய்கள் இருக்கும். முன்னால் இரண்டும் முன் கண்ணாடி ஓரத் தூண் வழியாகவும், பின்னால் இரண்டும் பின் தூண் வழியாகவும் கீழே இறங்கி, காருக்கு வெளியே தண்ணீரை விடும்.

இந்தக் குழாய் அடைத்தாலோ கழன்றாலோ என்ன ஆகும்? கூரைத் துணியில் காப்பிக்கறை மாதிரி வட்டம் விழும். தூண் ஓரமாக ஈரம் இறங்கும். சில நேரம் மேலே எந்த அடையாளமும் இருக்காது, தரை மட்டும் நனையும். திடீரென்று பிரேக் போடும்போது கூரையிலிருந்து தலையில் தண்ணீர் கொட்டினால் சந்தேகமே இல்லை.

சோதிப்பது எளிது. சன்ரூஃபைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். காருக்கு அடியில், அந்தந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு அருகே தண்ணீர் வர வேண்டும். வராமல் மேலேயே நின்றால் அடைப்பு. தண்ணீர் இறங்கிவிட்டது, ஆனால் வெளியே எங்கும் வரவில்லை என்றால் குழாய் உள்ளுக்குள் கழன்றிருக்கிறது. அதோடு நிறுத்திவிடுங்கள், இன்னும் ஊற்றிப் பார்க்க வேண்டாம்.

அடைப்பை எடுக்க கெட்டியான கம்பி விடக் கூடாது, குழாய் கிழிந்துவிடும். கம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் அடிப்பதும் ஆபத்து, கீழ்முனை கழன்றுபோகும். வளையும் நைலான் இழை போதும். தூண் மூடியைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் நீங்களே கை வைக்காதீர்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் அது அந்த மூடிக்குப் பின்னாலும் கூரை ஓரத்திலும்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

கதவு: ரப்பர் மேல் பழி, குற்றவாளி வேறு

கதவோரம் நனைந்தால் பெரும்பாலும் கேட்கும் பதில், “பீடிங் போச்சு சார், மாத்திடலாம்.” பீடிங் என்பது கதவைச் சுற்றியுள்ள ரப்பர். அது கிழிந்திருக்கலாம், இறுகியிருக்கலாம், உண்மைதான். ஆனால் புது பீடிங் போட்ட பிறகும் தண்ணீர் வருகிறது என்று புலம்புபவர்கள் நிறைய. காரணம் கதவுக்கு உள்ளே இருக்கிறது.

கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் மழைத்தண்ணீர் போகும். தடுக்க முடியாது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீர் கதவின் அடிப்பகுதியில் உள்ள 2 அல்லது 3 சின்ன துளைகள் வழியாக வெளியேறும். அந்த ஈரம் கார் உள்பக்கம் வராமல் இருக்க, கதவின் உள்மூடிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் அல்லது ஃபோம் தாள் ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டப் பயன்படுவது கறுப்பு நிறத்தில், சூயிங்கம் மாதிரி எப்போதும் பிசுபிசுப்பாக இருக்கும் பியூட்டைல் பசை.

இப்போது யோசியுங்கள். ஸ்பீக்கர் மாற்ற, பவர் விண்டோ மோட்டார் சரிசெய்ய, லாக் மாற்ற, டிங்கரிங் வேலைக்கு என்று கதவைத் திறப்பவர் இந்தத் தாளைப் பிய்த்துத்தான் ஆக வேண்டும். வேலை முடிந்ததும் பொறுமையாகத் திரும்ப ஒட்டுபவர் எத்தனை பேர்? தாள் ஓர் ஓரத்தில் தொங்கினால் போதும். தண்ணீர் கதவின் உள்மூடிக்குப் பின்னால் வழிந்து, படிக்கு மேலாகவே கார்பெட்டுக்கு வந்துவிடும். ஸ்பீக்கர் மாற்றிய கொஞ்ச நாளில் கசிவு ஆரம்பித்திருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

அடித்துளைகளையும் பாருங்கள். கதவைத் திறந்து, கீழ் விளிம்பில் விரலை ஓட்டினால் துளை தட்டுப்படும். சேறு அடைத்திருக்கலாம். காருக்கு அடியில் துருத் தடுப்புக் கோட்டிங் அடித்தபோது துளையையும் சேர்த்து மூடியிருக்கலாம். கதவை ஆட்டும்போது உள்ளே தண்ணீர் சலசலக்கிறது என்றால் அதுதான் காரணம். ஒரு மூங்கில் குச்சி போதும், இதற்குச் செலவே இல்லை.

பீடிங்கைச் சோதிக்க 10 ரூபாய் நோட்டு போதும். கதவு இடுக்கில் நோட்டை வைத்து மூடி, வெளியே இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்தால் பீடிங் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் போதவில்லை. சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இப்படிச் செய்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். ஒரே பக்கம் மட்டும் வழுக்கினால் ரப்பரைவிட கதவு இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். கீலைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும்.

முன் கண்ணாடி, கூரை, டிக்கி

முன் கண்ணாடி பாலியூரிதேன் என்ற பசையால் பாடியோடு ஒட்டப்பட்டிருக்கிறது. கம்பெனியில் ஒட்டியது சீக்கிரம் கசிவது அபூர்வம். கல் பட்டு விரிசல் விட்டு மாற்றிய கண்ணாடியில்தான் கசிவு வரும். பழைய பசையைச் சரியாகச் செதுக்காதது, துரு இருந்த இடத்தின் மேலேயே ஒட்டியது, பசை ஒரு இடத்தில் விட்டுப்போனது, இப்படிக் காரணங்கள் இருக்கும். ஓரத்தில் சிலிகான் பூசி ஒப்பேற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். முன் கண்ணாடி வெறும் காற்றுத் தடுப்பு இல்லை, பல கார்களில் இடது பக்க ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியில் சாய்ந்துதான் நிலைகொள்கிறது. பசை பலவீனமாக இருந்தால் விபத்தில் கண்ணாடியே பிய்ந்துகொண்டு போகலாம். கண்ணாடி மாற்றிய கடைக்கே கொண்டுபோய், எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். பசை இறுகும் வரை ஓட்டக் கூடாது என்று அவர்கள் சொல்லும் நேரத்தைக் கடைப்பிடியுங்கள்.

கூரையில் இரண்டு ஓரமும் நீளமாகக் கறுப்பு ரப்பர் பட்டை ஓடும். அதன் அடியில்தான் தகடுகள் சேரும் இடம். அங்கே பூசியிருக்கும் சீலர் வருடங்கள் ஆக ஆக வெடிக்கும். ஆன்டெனா அடியில் உள்ள வாஷர் காய்ந்தாலும், கேரியர் பொருத்தத் துளை போட்டிருந்தாலும் கூரை வழியாக இறங்கும்.

டிக்கியில் தண்ணீர் நின்றால் யாரும் கவனிப்பதே இல்லை, ஸ்டெப்னி எடுக்கும் நாள் வரை. அன்றைக்கு ஸ்டெப்னி பள்ளத்தில் மீன் வளர்க்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். டெயில் லேம்ப்புக்குப் பின்னால் உள்ள ஃபோம் வளையம்தான் வழக்கமான காரணம். பம்பர் இடி வாங்கி டிங்கரிங் செய்த கார்களில் இது சகஜம். அடுத்து டிக்கி பீடிங், மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட், நம்பர் பிளேட் விளக்கு. பின் பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும் காற்றுப் போக்கி மடல்களையும் மறக்க வேண்டாம். கதவை அடைக்கும்போது காற்று வெளியேறுவது அதன் வழியாகத்தான், அதன் ரப்பர் விலகினால் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் வரும்.

கண்டுபிடிக்க இரண்டு பேரும் ஒரு ஹோஸும் போதும்

ஈரம் தெரியும் இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு. கசிவு தேடுவதில் இதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும். தண்ணீர் வயரைப் பிடித்து, தகட்டின் விளிம்பைப் பிடித்து நாலு அடி தள்ளிப் போய்த்தான் சொட்டும். காரின் மூக்கு மேட்டில் இருக்கும்படி நிறுத்தினால் முன்னால் நுழைந்த தண்ணீர் பின் சீட்டுக்கு அடியில் தேங்கும். அதனால் பின்னால் நனைகிறது என்றதும் பின் கதவைப் பிரிக்க ஆரம்பிக்காதீர்கள்.

முதலில் உள்ளே முடிந்தவரை காயவையுங்கள். மேட், ஓரப் பிளாஸ்டிக் பட்டை எடுத்து கார்பெட்டைத் தூக்கி வைக்கவும். ஃப்ளோர் லேமினேஷன் போட்டிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். தரை முழுக்க ரெக்ஸின் ஒட்டும் இந்த வேலை பார்க்க சுத்தமாக இருக்கும், ஆனால் அடியில் ஈரம் போனால் ஆவியாக வழியே இல்லை. மழை அதிகம் பெய்யும் ஊரில் இருப்பவர்கள் இதைப் போடாமல் இருப்பதே நல்லது.

சந்தேகமுள்ள இடங்களில் டிஷ்யூ பேப்பரை ஒட்டலாம், அல்லது முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவலாம். தண்ணீர் வந்த தடம் பவுடரில் கோடாகத் தெரியும்.

இனி ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸில் தண்ணீர் விட வேண்டும். முனையில் கன் எதுவும் வேண்டாம், செடிக்கு ஊற்றுவது போல மெதுவாக வழிய விடுங்கள். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் அழுத்தத்தில் அடித்தால் நல்ல பீடிங்கிலும் தண்ணீர் புகும், தப்பான இடத்தைப் பிடித்துக்கொள்வீர்கள்.

கீழிருந்து மேலே போக வேண்டும். இந்த வரிசை முக்கியம். முதலில் கதவின் கீழ்ப்பகுதி, பிறகு கண்ணாடி மட்டம், பிறகு வைப்பர் பள்ளம், கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் 5 நிமிடமாவது விடவும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது என்று சொல்ல முடியாது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைச் செலவழித்தால், தேவையில்லாத 4 பீடிங் வாங்கும் காசு மிச்சம்.

தண்ணீர் விட்டும் பிடிபடவில்லையா? இன்னொரு வழி இருக்கிறது. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, வெளிக்காற்று வரும் மோடில் புளோயரை முழு வேகத்தில் வைத்து, கதவுகளை மூடிவிடுங்கள். வெளியிலிருந்து பீடிங் ஓரத்திலும் கண்ணாடி ஓரத்திலும் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். உள்ளிருந்து காற்று தப்பும் இடத்தில் நுரை குமிழியிடும். பஞ்சர் கடையில் டியூப்பைத் தண்ணீரில் முக்குவது மாதிரிதான். காற்றுப் போக்கி மடல் பக்கம் குமிழி வந்தால் பயப்பட வேண்டாம், அது வரத்தான் செய்யும்.

எதை எதனால் அடைப்பது?

நம்மில் பலரும் உடனே கை வைப்பது எம்-சீல் அல்லது சிலிகான் டியூப். எம்-சீல் போல கல்லாக இறுகும் பசைகள் கார் பாடிக்குச் சரிவராது. ஓடும்போது பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும், பசை வெடித்துவிடும். கடையில் கிடைக்கும் சாதா சிலிகானில் பல, பூசும்போது வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலம் தகட்டில் பட்டால் துருவுக்கு வழி. போதாததற்கு, சிலிகான் பூசிய இடத்தில் பிறகு பெயின்ட்டோ வேறு பசையோ ஒட்டவே ஒட்டாது.

கதவு உள்தாளுக்கு பியூட்டைல் டேப். பழைய பசையைத் துடைத்துவிட்டு, தாளைச் சுற்றி இடைவெளி விடாமல் ஒட்டி அழுத்தினால் வேலை முடிந்தது. தாள் கிழிந்திருந்தால் தடிமனான பாலித்தீன் ஷீட்டை அதே அளவில் வெட்டிக்கொள்ளலாம். தகடு சேரும் இடங்களுக்கு, இறுகினாலும் ரப்பர் மாதிரி வளையும் பாடி சீலர். டெயில் லேம்ப்புக்கு புது வளையம் வாங்கிப் போடுவதே நல்லது, நட்டை வெறி கொண்டு முறுக்கினால் லேம்ப்பின் பிளாஸ்டிக் உடையும். தரையில் உள்ள ரப்பர் அடைப்பான் விழுந்திருந்தால் அதே அளவில் ஒன்று வாங்கி அழுத்திவிடலாம். பீடிங் கிழியாமல் வெறுமனே காய்ந்திருந்தால் சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவினால் உயிர் வரும். இன்ஜின் கிரீஸ், ஆயில் தடவினால் ரப்பர் ஊதிப்போகும்.

அடைத்த பிறகு அதே இடத்தில் மறுபடி ஹோஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு ஓட்டை இருக்கும் கார்களும் உண்டு.

காயவைப்பதுதான் பாதி வேலை

ஓட்டையை அடைத்துவிட்டு ஃபோமை ஈரத்தோடு விட்டால் செய்த வேலையில் பாதி வீண். கார்பெட்டை முஷ்டியால் அழுத்துங்கள். தண்ணீர் மேலே வந்தால் ஃபோம் குடித்திருக்கிறது. வெட் வாக்யூம் இருந்தால் உறிஞ்சலாம், இல்லையென்றால் பழைய டவலை வைத்து மேலே ஏறி நிற்கவும். பிறகு கார்பெட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கட்டையைச் செருகி, வீட்டு டேபிள் ஃபேனைக் கதவருகே வைத்துவிடுங்கள். வெயில் அடித்தால் 4 கதவையும் திறந்து வைக்கவும். மழை விடவில்லை என்றால் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டு ஓட்டலாம், ஏசி ஈரத்தை நன்றாகவே இழுக்கும். மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்கார மட்டும் கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு உயிரை எடுத்துவிடும். சிலிகா ஜெல் பாக்கெட் போட்டால் போதும் என்பது ஆறுதலுக்குத்தான்.

சீட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் ஒரு விஷயம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அமைப்புடையது. பேட்டரி இணைப்பை எடுக்காமல் அதைத் தொடாதீர்கள். கழற்றிய நிலையில் சாவியை ஆன் செய்தால் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கி, அதை அணைக்க சர்வீஸ் சென்டர் போக வேண்டியிருக்கும்.

நாற்றத்துக்கு சமையல் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு வாக்யூம் செய்யலாம். ஃபோமில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருந்தால் பெர்ஃப்யூம் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம், அந்த ஃபோமை மாற்றுவதுதான் வழி. வீட்டில் ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் இருந்தால் ஏசி ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். காலையில் காரை எடுக்கும்போது கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி படர்ந்திருந்தால், ஈரம் இன்னும் எங்கோ ஒளிந்திருக்கிறது.

இன்ஷூரன்ஸ் தருமா?

இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெள்ளத்தில் கார் மூழ்கினால் அது இயற்கைப் பேரிடர். தேர்ட் பார்ட்டி பாலிசிக்கு எதுவும் கிடைக்காது, காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால் கிளெய்ம் செய்யலாம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்களே, அந்த பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போனால், அதற்கென்று தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால்தான் பொதுவாகப் பணம் கிடைக்கும்.

பீடிங் காய்ந்து மழைத்தண்ணீர் கசிவது வேறு. அது தேய்மானம், பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருக்கும். வாரன்ட்டி காலத்தில் உள்ள புது கார் என்றால் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். வெளியில் ஸ்பீக்கர், சன்ரூஃப் பொருத்தியிருந்தால் அதைக் காட்டி மறுக்கக்கூடும், அதையும் எதிர்பார்த்துப் போங்கள்.

புது காரிலேயே கசிகிறது, சர்வீஸ் சென்டருக்கு 3 முறை போயும் தீரவில்லை என்றால் சும்மா சண்டை போடுவதில் பயன் இல்லை. ஒவ்வொரு முறையும் “மழைநீர் கசிவு” என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். “ஜெனரல் செக்-அப்” என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஹோஸ் வைத்துச் சோதிக்கும்போது உள்ளே சொட்டுவதை வீடியோ எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகள் அங்கேதான் வரும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பிரச்சனை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் ஒரு 5 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று பார்க்கவும். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தால், வெள்ளத்தில் நின்ற காராக இருந்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியலாம். முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு கார்பெட்டை அழுத்திப் பாருங்கள். அப்போதுதான் காரைக் கழுவிக் கொடுத்தோம், அந்த ஈரம் என்று சொன்னால், 2 நாள் கழித்து வந்து மறுபடி அழுத்திப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.